யானை இல்லாத ஊரில் விளாமரம் யாரை நம்பி நிற்கிறது?

மேலூர் வாசகர் கேட்டது: 2024 செப்டம்பர் 8

அண்ணே, ஒரு சந்தேகம். நேற்றுப் பிள்ளையாருக்குப் படைத்த விளாம்பழத்தை உடைக்க அம்மிக் குழவியைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. இவ்வளவு கெட்டியான ஓட்டுக்குள் விதையை வைத்தால் அது எப்போது வெளியே வந்து எப்போது முளைப்பது? அது யானைக்காகவே உண்டான பழம், யானை ஒழிந்தால் விளாவும் ஒழியும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். மொரீஷியஸில் டோடோ பறவை செத்ததும் ஒரு மரம் முளைக்காமலே போனதாம். அப்படியென்றால் அழகர்மலைப் பக்கம் விளா இன்னும் எப்படி நிற்கிறது? அங்கே யானை ஏது?


செப்டம்பர் 8, இரவு

டோடோ கதையை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம் தம்பி. 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய கட்டுரையில் கிளம்பியது அது. தம்பலகோக் என்ற மரத்தில் மிஞ்சியவை 13தான், எல்லாமே 300 வயது தாண்டியவை, டோடோ விழுங்கிக் கொட்டையின் ஓட்டை வயிற்றில் தேய்த்துக் கொடுத்தால்தான் முளைக்கும் என்றார் அவர். டோடோ அழிந்தது 17ஆம் நூற்றாண்டில். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியதால் ஊரெல்லாம் பரவிவிட்டது. சோதனைக்காக வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளைத் திணித்தார். 7 நொறுங்கின, 10 முழுசாக வந்தன, நட்டதில் 3 முளைத்தன. வான்கோழி வயிற்றுக்கே போகாத கொட்டைகளையும் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டாரா என்றால், இல்லை. பின்னால் வந்தவர்கள் பார்த்தபோது விழுங்கப்படாத கொட்டையும் முளைத்தது, இளவட்ட மரங்களும் இருந்தன. வயது எண்ணுவதற்கு அந்த மரத்தில் தெளிவான வளையமே கிடையாது.

மனிதர்கள் தீவுக்குக் கொண்டுவந்த பன்றியும் குரங்கும் மானும் களைச்செடியும் அந்த மரத்துக்குச் செய்த கேட்டைப் பற்றி காணொளிக்காரர்கள் பேசுவதில்லை. டோடோ அளவுக்கு அவை சோகமாக இல்லை போல.

விளாவுக்கு நாளைக்கு வருகிறேன்.


செப்டம்பர் 9, காலை

விளாவில் இரண்டு பூட்டு இருப்பதாக நினைக்காதீர்கள், ஒன்றுதான். ஓடு கெட்டி, விதை சாது. சதைக்குள் சின்னச் சின்ன விதைகளாக நிறைந்து கிடக்கும். பிசைந்து வெல்லம் போட்டுத் தின்னும்போது எத்தனை விதை நம் வயிற்றுக்குள் போகிறது என்று யாராவது கவனிக்கிறோமா? ஓட்டை யார் உடைத்தாலும் விதை வெளியே வந்துவிடும். என் நாற்றங்காலில் விளா விதையைச் சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, அப்படியே பையில் போடுகிறேன். அமிலம் வேண்டாம், வெந்நீர் வேண்டாம், யானையும் வேண்டாம். சதையோடு போட்டால்தான் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகும்.

‘யானை உண்ட விளாங்கனி’ என்று நம் ஆட்கள் சொல்வது, பழம் முழுசாக உள்ளே போய் ஓடு முழுசாக வெளியே வரும், உள்ளே ஒன்றும் இருக்காது என்ற நம்பிக்கையில். நான் பார்த்த கோயில் யானை அப்படிச் செய்யவில்லை. ஒரு பக்தர் கொடுத்த விளாம்பழத்தைத் துதிக்கையால் வாங்கி வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோனது. மடக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நமக்குக் குழவி தேவைப்படுகிற ஓடு அதன் கடைவாய்க்கு அப்பளம். ஓட்டுத் துண்டு ஒன்று வாயோரம் ஒட்டிக்கொண்டு கீழே விழ, பாகன் அதைக் காலால் ஒதுக்கினார். விதைகள் உள்ளே போய்விட்டன. கோயில் யானை கிடக்கிற இடம் சிமென்ட் தரை, அதனால் அந்த விதைகளுக்கு விமோசனம் இல்லை.


செப்டம்பர் 9, மதியம்

‘வேழம் உண்ட விளாங்கனி என்பதில் வேழம் யானை இல்லை, விளாவுக்கு வரும் நோய்’ என்று வரிசையாக எழுதுகிறீர்கள். இருக்கட்டும் ஐயா. அந்த வழக்கைப் புலவர்களிடம் விட்டுவிடுங்கள். எனக்கு வேண்டியது விதை.


செப்டம்பர் 11

நாகமலைப் பக்கத்து அக்கா நல்ல கேள்வி ஒன்று கேட்டிருந்தார்: யானை கொஞ்ச தூரம் விலகிப் போனதற்கே இப்படி யோசிக்கிறோம், அடியோடு அழிந்துபோன இடத்தில் என்ன நடந்தது?

அதைத்தான் 1982இல் டேனியல் ஜான்சனும் பால் மார்ட்டினும் கேட்டார்கள். ஜான்சன் கோஸ்டாரிகா காட்டில் வேலை செய்தவர். அங்கே சில மரங்களின் அடியில் பழம் மலையாகக் குவிந்து அழுகிக்கொண்டிருந்தது, தின்ன ஆள் இல்லை. கெட்டி ஓடு, இனிப்பான சதை, விழுந்தபிறகு பழுக்கிற குணம் என்று எல்லாமே பெரிய வாயுள்ள ஒரு பிராணியை எதிர்பார்த்து வைத்தது போல இருந்தது. அந்தப் பிராணிகள் இருந்தவைதான். கோம்போதியர் என்ற யானை வகை, யானை அளவுள்ள தரைவாழ் ஸ்லாத் என்ற பிராணி, குதிரை. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்கக் கண்டங்களில் இவை எல்லாம் அழிந்தன. மரம் மட்டும் நின்றுகொண்டு பழைய வாடிக்கையாளருக்காகவே கடை திறந்து வைத்திருக்கிறது.

அவர்கள் சொன்ன மரங்களில் ஒன்று நமக்குத் தெரிந்த மரம். தூங்குமூஞ்சி! மதுரையில் பழைய சாலைகளிலும் அலுவலக வளாகங்களிலும் குடை விரித்து நிற்கிறதே, அதன் சொந்த ஊர் அமெரிக்காதான். கறுப்பாக, பிசுபிசுப்பாக, வெல்லப்பாகு வாசத்தோடு கிடக்கிற அதன் காயை மாடு தேடித் தின்னும். சாயந்திரம் மேய்ச்சலிலிருந்து திரும்புகிற மாடுகள் அந்த மரத்தடியில் நின்றுவிட்டால் ஓட்டிப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஜான்சன் குதிரைகளை வைத்தும் பார்த்தார். குதிரை அமெரிக்காவிலேயே தோன்றி, அங்கேயே அழிந்து, 1500களில் ஸ்பானியர் கப்பலில் திரும்பி வந்த பிராணி. ஓட்டுச் சுரைக்காய் மாதிரி இருக்கும் ஹிகாரோ பழத்தை அது பல்லால் உடைத்துத் தின்று, விதையைச் சாணத்தோடு போட்டுக்கொண்டே போயிற்று. பத்தாயிரம் ஆண்டு இடைவெளி, ஆனால் பழத்தைப் பார்த்ததும் என்ன செய்வதென்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.


செப்டம்பர் 12

பட்டர் ஃப்ரூட் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன், கேட்டுவிட்டீர்கள்.

கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து மதுரைக்கு வந்திறங்குகிற பட்டர் ஃப்ரூட்டின் கொட்டையைப் பார்த்தால் எந்தப் பிராணி இதை விழுங்கும் என்று தோன்றத்தான் செய்யும். ‘தரைவாழ் ஸ்லாத் விழுங்கியது, அது அழிந்தது, மனிதன் காப்பாற்றினான்’ என்று இணையத்தில் ஒரு படம் சுற்றுகிறது. கதை கொஞ்சம் வழவழப்பு. இன்று நாம் தின்கிற பழத்தின் அளவு மனிதன் பொறுக்கி எடுத்து வளர்த்தது. காட்டு வகையின் பழம் இதைவிடச் சிறிது. அப்புறம், பிராணிகள் அழிந்ததற்கும் மனிதன் தோட்டம் போட்டதற்கும் நடுவே சில ஆயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரைக்கும் அந்த மரம் யாரோ ஒருவர் தயவில் ஓடியிருக்க வேண்டும். எனக்குச் சுவாரஸ்யம் அந்த ‘யாரோ’தான்.


செப்டம்பர் 15

அந்த ‘யாரோ’வில் ஒரு ஆள் திருடன்.

பனாமாவில் பாரோ கொலராடோ என்று ஒரு தீவு. அங்கே அகூட்டி என்றொரு கொறிப்பான் உண்டு, முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, வால் இருக்கிறதா என்றே தெரியாது. கறுப்புப் பனை என்கிற மரத்தின் பெரிய கொட்டைகளை அது மண்ணுக்குள் ஒளித்து வைக்கும், பசித்தால் தோண்டித் தின்னும். கொட்டையில் சின்ன ரேடியோ கருவியைக் கட்டி எங்கே போகிறது என்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு அகூட்டி புதைத்ததை இன்னொன்று திருடி வேறிடத்தில் புதைக்கிறது, அதை மூன்றாவது திருடுகிறது. ஒரே ஒரு கொட்டை 36 தடவை இடம் மாறியது! மொத்தம் 749 மீட்டர் பயணம். பல கொட்டைகள் தாய்மரத்தை விட்டு 100 மீட்டருக்கு மேல் போயின. கோம்போதியர் செய்த வேலையில் ஒரு பங்கைத் திருட்டுக் கும்பல் ஒன்று ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்திருக்கிறது.

நம் அணிலும் வெள்ளெலியும் இப்படிச் செய்யுமா என்று கேட்பீர்கள். வெள்ளெலி வளைக்குள் நெல்லும் கடலையும் சேர்க்கும். ஆனால் ஒரே வளைக்குள் ஆழத்தில் கொட்டி வைத்தால் மரத்துக்குப் புண்ணியம் இல்லை. கொட்டையைத் தனித்தனியாக, மேலாக, பல இடத்தில் புதைத்துவிட்டு மறக்கிற பிராணிதான் மரத்துக்கு உதவும்.


செப்டம்பர் 15, பிற்பகல்

விளா மரத்தடிக்கு இன்றைக்குப் போயிருந்தேன். அழகர்கோயில் சாலையிலிருந்து கிடாரிப்பட்டிப் பக்கம் திரும்பினால் பாறையோரம் நிற்கிற மரம். கீழே கிடந்தவற்றில் சிலது பாறையில் பட்டு விரிசல் விட்டிருந்தன. சிலவற்றில் காம்பு இருந்த இடத்தில் எலி கடித்த வட்ட ஓட்டை, நாலணாக் காசு நுழைகிற அளவு. ஓட்டையின் விளிம்பில் பல் தடம் வரிவரியாக இருந்தது. உள்ளே சதையை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. ஒரு பழம் மட்டும் முழுசாக இருந்ததால் எடுத்து முழங்கால் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். துள்ளினால் காய், துள்ளாமல் சொத்தென்று கிடந்தால் பழம். துள்ளியது, போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆக உடைக்கிற ஆள் இருக்கிறார்கள். ஆனால் எலி தின்கிற இடம் மரத்தடியேதான். அங்கே முளைத்தால் தாயின் நிழலில், தாயைத் தின்கிற பூச்சிக்கும் புழுவுக்கும் பக்கத்திலேயே வளர வேண்டும். அந்த மரத்தைச் சுற்றிக் கன்று ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. சாலை ஓரத்தில், பழம் விற்கிற பாட்டிகள் உட்காருகிற இடத்துக்குப் பின்னால் வேலியோரம், இரண்டு கன்று நன்றாக வந்திருக்கிறது.


செப்டம்பர் 21

பனை பேசாமல் இந்த இழை முடியாது. பேசுவோம்.

விளாவுக்கு நேர்மாறு பனை. சதை நார், ஓடு இல்லை, ஆனால் உள்ளே இருக்கிற கொட்டை ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. இதை விழுங்கி நடந்துபோய்ப் போடுகிற பிராணி யானைதான். ஆப்பிரிக்காவில் நம் பனையின் சொந்தக்கார மரம் ஒன்று இருக்கிறது, அதன் பழத்தை அங்கே யானை முழுசாக விழுங்கிச் சாணத்தில் கொட்டையாகப் போடும். நம் சமவெளியில் அந்த வேலைக்கு இப்போது ஆள் யார்?

ஆவணி, புரட்டாசியில் பனந்தோப்புக்குள் போய்ப் பாருங்கள். விழுந்த பழத்தை மாடு முகர்ந்து, நாரை இழுத்துச் சப்பிவிட்டு, அங்கேயே போட்டுவிடும். ஆடும் அப்படியே. கொட்டை பத்தடி உருண்டிருந்தால் அதிகம். மரநாய் ராத்திரியில் சதையைத் தின்றுவிட்டுப் போய்விடும். கண்மாய் பெருகினால் கொட்டை மிதந்துபோய்க் கரையொதுங்கும், அது ஒரு வழி. மற்றபடி பனையை இந்த நாட்டில் நகர்த்தியவன் மனிதன்தான். பழத்தைச் சுட்டுத் தின்பான், கொட்டையைக் கொல்லையில் குவிப்பான், கிழங்குக்காக மண்மேடு கட்டிப் புதைப்பான், தையில் தோண்டுவான். தோண்டாமல் விட்டது மரமாகும். கண்மாய்க்கரையில் வரிசையாக நிற்கிற பனைகள் தாத்தன் கால் வைத்து மிதித்து ஊன்றியவை.

இப்போது பனங்கிழங்கைக் கட்டாக வாங்குகிறோம், பனம்பழத்தைச் சுடத் தெரிந்த கை வீட்டில் இல்லை. யானைக்கு அடுத்து வந்த ஆளும் வேலையை விட்டுவிட்டான் என்பதுதான் பனையின் இன்றைய கதை. 2021இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதை விதைக்கப்போவதாகச் சொன்னார்கள். அரசாங்கமே யானை வேலைக்கு வந்தாயிற்று.


செப்டம்பர் 22

பனையேறி ஒருவரின் மகன் எழுதியது சரி. பதநீர் இறக்குகிற ஆட்கள் குறைந்ததையும் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று, பாளையைச் சீவுகிற மரத்தில் பழம் வராது. ஏறாத மரத்தில்தான் பழம் மிகுதி. இப்போது பழம் நிறைய விழுகிறது, எடுத்துப்போக ஆள் இல்லை. கோஸ்டாரிகாவில் ஜான்சன் பார்த்த குவியல் இங்கே தோப்புக்குத் தோப்பு கிடக்கிறது.


செப்டம்பர் 29

முளைக்குமா முளைக்காதா என்பதிலேயே நிற்காதீர்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன், டோடோ விடமாட்டேன் என்கிறது. முளைப்பது ஒரு பங்கு. எவ்வளவு தூரம், எந்த மண்ணில் என்பதுதான் மீதி.

ஆப்பிரிக்கச் சவன்னா யானை விதையை வயிற்றில் வைத்துக்கொண்டு 65 கிலோமீட்டர் வரைக்கும் கொண்டுபோகக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆசிய யானைக்குச் சில கிலோமீட்டர் சாதாரணம். வழியெல்லாம் உரத்தோடு போட்டுக்கொண்டே போகும். இதற்கு ஈடாக எலி, அணில், குரங்கு எல்லாம் எத்தனை வந்தாலும் தூரம் போதாது. மழை பொய்த்து ஒரு பக்கம் காய்ந்தால் மரக்கூட்டம் நகர வேண்டும். நகர்த்த ஆள் இல்லையென்றால் இருக்கிற இடத்திலேயே கிழமாகி உட்கார்ந்திருக்கும். மரம் நிற்கிறதே என்று நாமும் ஏமாந்துவிடுவோம். நூறு வருஷம் வாழ்கிற மரம் சந்ததி இல்லாமல் போவதை ஒரு தலைமுறைக்காரன் கண்ணால் பார்க்க முடியாது.

வட அமெரிக்காவில் ஓசேஜ் ஆரஞ்சு என்று ஒரு மரம் அப்படித்தான் டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் சின்னப் பகுதிக்குள் சுருங்கிக் கிடந்தது. முள் மரம் என்பதால் வெள்ளைக்கார விவசாயிகள் வேலிக்கு வைத்தார்கள், கம்பி வேலி வருவதற்கு முன்னால். இன்றைக்கு அந்த நாடு முழுக்க இருக்கிறது. நாம் கிளுவையை வேலியாக வைத்தது போலத்தான்.


அக்டோபர் 2

சொல்ல மறந்தது அல்ல, இடம் வரட்டும் என்று வைத்திருந்தது. இந்தியாவிலேயே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பக்ஸா காட்டில் நிதின் சேகரும் ராமன் சுகுமாரும் டில்லினியா மரத்தைக் கவனித்து 2013இல் எழுதினார்கள். யானை ஆப்பிள் என்று பெயர் வாங்கிய பழம் அது, விழும்போது கல். யானை மட்டும்தான் அப்போதே தின்ன முடியும். யானை வரவில்லையென்றால் பழம் சும்மா கிடக்கும், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இளகும். இளக இளகக் குரங்கும் எலியும் மற்ற சின்னப் பிராணிகளும் உடைக்க முடிகிறது, விதையும் அதுவரை உயிரோடு இருக்கிறது. யானைக்கு முதல் மரியாதை, அது வராவிட்டால் பந்தி எல்லோருக்கும்!

அதே காட்டில் மேய்ச்சல் மாடும் எருமையும் யானையின் வேலையை எவ்வளவு செய்கின்றன என்றும் பார்த்தார்கள். கொஞ்சம் செய்கின்றன, ஈடாகவில்லை.

நம் விளா இளகுமா என்றால், ஓடு இளகாது, காம்படி மட்டும் பலவீனமாகும். எலி அங்கேதான் கடித்திருந்தது.


அக்டோபர் 3

‘அழகர்மலைக்கு வருசநாட்டு யானையைக் கூட்டி வந்தால் என்ன?’ என்று கேட்ட திருமங்கலத்து மாப்பிள்ளைக்கு: வழியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறவர்களிடம் நீங்களே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். நான் விதையோடு காத்திருக்கிறேன்.


அக்டோபர் 13

ஆடு.

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் யானைக்குப் பதிலாக நாட்டை அளக்கிற பிராணி ஆடுதான். அறுவடை முடிந்த வயல்களில் கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தைக்காரர்கள், கிடை போடுவார்கள். பகலெல்லாம் கண்மாய், புறம்போக்கு, மரத்தடி என்று மேய்ந்த மந்தை ராத்திரி ஒரே வயலில் அடையும். அடுத்த ராத்திரி அடுத்த வயல். கருவேல நெற்று காய்கிற காலத்தில் தொரட்டியால் உலுக்கிப் போடுவார்கள், ஆடு மொறுமொறுவென்று தின்னும்.

கிடை கலைந்த மறுநாள் விடிகாலையில் அந்த வயலில் குனிந்து பாருங்கள். புழுக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். இடையிடையே சுத்தமாக, ஈரம் காயாமல், கழுவி வைத்தது போல இலந்தைக் கொட்டைகள் சின்னச் சின்னக் கும்பலாகக் கிடக்கும். அவை வயிற்றின் மறுமுனை வரை போகவே இல்லை. அசைபோடும்போது பெரிய கொட்டை பல்லில் தட்டுப்பட்டால் ஆடு உதட்டைச் சுழித்துத் துப்பிவிடும். கும்பல் இருக்கிற இடம் ஆட்டின் தலை இருந்த இடம். மொராக்கோவில் ஆர்கன் மரத்தில் ஏறி நிற்கும் ஆடுகளும் கொட்டையைத் துப்புகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். காட்டில் புள்ளிமான் நெல்லிக்கொட்டையை இப்படித் துப்பித்தான் பரப்புகிறது. கருவேல விதை மாதிரி சின்னது புழுக்கையோடு போகும், துப்புகிறதும் உண்டு. ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய கருவேல விதைக்கு நாற்றங்காலில் எப்போதும் கிராக்கி. விதைத்தோல் ஊறித் தேய்ந்திருப்பதால் சட்டென்று முளைக்கும்.

மந்தை ஒரு நாளைக்குச் சில மைல் நடக்கும், மாதத்தில் மாவட்டம் தாண்டும். தூரக் கணக்கில் யானைக்குப் பக்கத்தில் வைக்கலாம். வாய் அளவில் முடியாது. பனங்கொட்டை அதற்கு ஆகாது, விளா ஓட்டை அதனால் உடைக்க முடியாது. ஆடு எதைத் தின்னுமோ அந்த மரங்கள்தான் இனி இந்தச் சமவெளியின் மரங்கள்.


அக்டோபர் 14

‘ஆடு கன்றையும் கடித்துவிடுமே?’ கடிக்கும். விதைத்த கையே பறிக்கிறது. முள் உள்ளது தப்பும், இல்லாதது தப்பாது. இன்னொரு காரணம் ஆயிற்று, கருவேலும் இலந்தையும் நிறையவும் விளா குறைவாகவும் இருப்பதற்கு. விளாவுக்கும் முள் உண்டு, ஆனால் இளங்கன்றின் முள் ஆட்டுக்குப் பொருட்டில்லை.


அக்டோபர் 27

மழை பிடித்துக்கொண்டது. கோடையில் கிடை போட்டுவிட்டுத் தரிசாகக் கிடந்த வயல் ஒன்றைப் பார்த்தேன், ஒரே பச்சை. முக்கால்வாசி சீமைக்கருவேலம்.

இது வேடிக்கையான சொந்தக்காரன். மெக்ஸிகோ, கரீபியன், தென் அமெரிக்கா அதன் ஊர். இனிப்பு நெற்று, உள்ளே தோல் போன்ற உறைக்குள் பூட்டிய விதை. ஜான்சன் சொன்ன அதே பழைய பெரிய பிராணிகளின் தீனி. அவை போனபிறகு அங்கே ஆற்றுவெள்ளத்தையும் சின்னப் பிராணிகளையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளியது. அப்புறம் 1877இல் ஜமைக்காவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு விதை வந்தது, கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டார்கள். இங்கே இறங்கிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மாடு, ஆடு! பத்தாயிரம் ஆண்டாக இல்லாத கூட்டம். மாடு மெல்லாமல் விழுங்குவதால் விதை அதிகம் தப்பும், ஆடு கொஞ்சம் அரைத்துவிடும், இருந்தாலும் போதுமானது தப்புகிறது.

2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னபோது கண்மாய்க்குள் பொக்லைன்கள் இறங்கின. வெட்டின மரம் அடித்தூரிலிருந்து தழைத்தது. தூரோடு பிடுங்கிய இடத்தில் சாணத்து விதை முளைத்தது. மரத்தை மட்டும் பார்த்தோம், அதைச் சுமக்கிற வயிறுகளைப் பார்க்கவில்லை.

ஊர் மரத்துக்கு யானை போய்விட்டது, அசலூர் மரத்துக்கு யானைக்குப் பதில் ஆள் கிடைத்துவிட்டது. இந்த வட்டாரத்தின் காடு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேரான விளக்கம் இல்லை.


நவம்பர் 10

வாடகைக்கு ஆள் வைக்கிற வழியும் உண்டு. மொரீஷியஸுக்கே திரும்பலாம், டோடோவுக்கு அல்ல. பக்கத்து எக்ரெட் தீவில் கருங்காலி மரங்களின் பெரிய பழத்தை விழுங்கிய ராட்சத ஆமைகள் அழிந்துபோயிருந்தன. 2000ஆம் ஆண்டில் அல்டாப்ரா தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வேறு இனம், ஆனால் வாய் அளவு ஒன்றுதான். அவை பழத்தைத் தின்று தீவெங்கும் விதையைப் போட, மரம் வெட்டி மொட்டையாகக் கிடந்த இடங்களிலும் கருங்காலிக் கன்றுகள் வந்தன. ஆமைக்குப் பாகன் வேண்டாம், வாழைத்தோட்டக்காரரும் சண்டைக்கு வரமாட்டார்.

மரமே மாறிக்கொள்கிற வழி இன்னொன்று. பிரேசிலில் துண்டுதுண்டான காடுகளில் டூக்கன் போன்ற பெரிய வாய்ப் பறவைகள் போனபிறகு, அங்கிருந்த ஒரு பனை வகையின் விதை சின்னதாகியிருக்கிறது என்று 2013இல் காட்டினார்கள். மிஞ்சிய சிறு பறவைகளால் விழுங்க முடிந்த சிறு விதைகளே மரமாயின, பெரியவை அடியிலேயே கிடந்தன. நூறு ஆண்டு சொச்சத்தில் இது நடந்திருக்கிறது. கேட்க நல்ல செய்தி போல இருக்கும். சின்ன விதை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

நம் பனங்கொட்டைக்கு இந்த வழி கிடையாது. அதைவிடச் சின்னதாகி யாருடைய வாய்க்குள் போகும்?


2025 ஜனவரி 19

கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி கேட்டிருந்தார், பொங்கல் முடிந்து கிடைக்குச் சொல்ல வேண்டும், உரம் வேண்டும், சீமைக்கருவேலம் வேண்டாம், என்ன செய்வது என்று.

உங்கள் வயலுக்கு வருவதற்கு முந்தைய ஒரு வாரம் மந்தை சீமைக்கருவ நெற்றைத் தின்னாமல் இருந்தால் வயிறு பெரும்பாலும் சுத்தமாகிவிடும். நெற்று விழாத நாட்களில் கிடை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது, சித்திரை வைகாசிக்குத் தள்ளாதீர்கள். அப்படியும் முளைத்தால் முதல் மழைக்குப் பிறகு கன்று விரல் உயரம் இருக்கும்போதே உழுதுவிடுங்கள், ஆணிவேர் இறங்கியபிறகு கை வலிதான் மிச்சம். கருவேலும் இலந்தையும் வரப்போரம் வந்தால் விட்டுவையுங்கள், அவை நம் பிள்ளைகள். கீதாரியிடம் இதையெல்லாம் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். மந்தை வயலுக்குள் இறங்கியபிறகு பேசினால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.